கைமாறிப் போகும் வாளி

ஞானபாயின் வீடு அந்தச் சந்தின் கடைசி வீடு. எதிரே ஒருவர் குடையோடு வந்தால், இன்னொருவர் ஏதாவது ஒரு வாசற்படியில் ஏறி நிற்க வேண்டிய சந்து. மாநகராட்சிக் குப்பை வண்டி அதற்குள் எங்கே வரும்? காலையில் முனையில் நின்று விசில் ஊதுவார்கள், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

கணவர் போன பிறகு ஞானபாய் வீட்டிலேயே இறால் உரித்து ஓட்டல்களுக்குக் கொடுத்துப் பிழைத்தாள். தலையும் ஓடுமாகத் தினம் ஒரு வாளி சேரும். முட்டு வலியோடு அதைத் தூக்கிக்கொண்டு அவள் முனைக்குப் போய்ச் சேரும்போது, வண்டி அடுத்த தெருவில் நிற்கும். உச்சி வெயிலில் அந்த வாளியின் வாடை சந்து முழுக்கச் சுற்றி வரும்.

பக்கத்து வீட்டு ஈவாஞ்சலின்தான் ஞானபாய்க்கு வீடு வாடகைக்கு விட்டவள். “இந்த மாசத்துக்குள்ள நாத்தம் நிக்கணும் ஞானபாய். இல்லேன்னா வேற வீடு பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டாள்.

“சரிக்கா” என்றாள் ஞானபாய். இறால் உரிப்பவளுக்கு வேறு யார் வீடு கொடுப்பார்கள்?

மறுநாள் விசில் கேட்டதும் கிளம்பினாள். ஈவாஞ்சலின் வாசலைத் தாண்டியதும் முட்டு பிடித்துக்கொண்டது. அடுத்த வாசலில் பிரேமா நின்றிருந்தாள்.

“ஏளா பிரேமா, இந்தா பிடி.”

ஏன் எதற்கு என்று கேட்காமல் பிரேமா வாங்கி அடுத்த வாசலுக்கு நீட்டினாள். அங்கேயும் ஒரு கை வாங்கியது. எல்லாரும் கடற்கரையில் வளர்ந்தவர்கள். வள்ளத்திலிருந்து மீன்கூடை கைமாறி இறங்கும்போது நின்று கேள்வி கேட்ட பழக்கம் யாருக்கும் இல்லை. வாளி வண்டிக்குப் போய், காலியாகி, அதே கைகள் வழியே திரும்பி வந்தது.

அன்றிலிருந்து விசில் கேட்டால் வாசலுக்கு ஒருத்தி. ஈவாஞ்சலின் வாசலில் மட்டும் கை நீளவில்லை. “அடுத்தவ குப்பைய நான் ஏன் தொடணும்?” அந்த இடத்தை ஞானபாய் நொண்டியே கடந்தாள். கடக்க முடியாத நாளில் வாளி வீட்டிலேயே தங்கியது. மாதக் கடைசியும் நெருங்கியது.

துபாயிலிருந்து மகன் வந்திருந்ததால் ஒரு நாள் ஈவாஞ்சலின் பிரியாணிக்கு இறாலில் மசாலா புரட்டி வைத்தாள். தன் ஃபிரிட்ஜில் இடமில்லை. மூடி போட்ட வாளியைப் பிரேமாவிடம் நீட்டினாள், அவள் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்ல. அந்த நேரம் பார்த்து விசில் கேட்டது. பிரேமாவின் கை தன் வேலையைச் செய்துவிட்டது.

“ஏளா, அது குப்பை இல்ல, இறாலு” என்று ஈவாஞ்சலின் கத்துவதற்குள் வாளி நாலு வாசல் தாண்டியிருந்தது.

வண்டியில் வரும் சந்தனமாரி, மக்கும் குப்பையா மக்காத குப்பையா என்று ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்ப்பவள். அவள் குரல் சந்துக்குள் வந்தது. “யாருக்கா இது, மசாலா போட்டுக் குப்பையக் குடுக்கது? நான் வீட்டுக்குக் கொண்டு போவட்டா?”

சந்தே சிரித்தது. அதற்குள் ஞானபாய் தன் வாளியை ஈவாஞ்சலின் படிவரை நொண்டிக் கொண்டுவந்து வைத்திருந்தாள். வாளி திரும்பி வந்து பிரேமாவின் கையில் நின்றது. அவள் தரவில்லை.

“ஞானபாயக்கா வாளி உங்க படியிலதான் இருக்கு மதினி. அது இங்க வந்தா, இது அங்க வரும்.”

ஈவாஞ்சலின் முறைத்தாள். உள்ளேயிருந்து மகன், “அம்மா, பசிக்கி” என்றான். அவள் குனிந்து ஞானபாயின் வாளியைத் தூக்கி நீட்டினாள்.

அந்த மாதம் முடிந்தது. வீட்டைக் காலி செய்யும் பேச்சு வரவில்லை. இப்போது விசில் கேட்டால் ஞானபாய் தன் படியை விட்டு இறங்குவதில்லை.

“மூடிய இறுக்கிப் போடு ஞானபாய், என் சேலையில வடியுது” என்று முணுமுணுத்தபடியே பக்கத்துக் கை நீளும்.

“சரிக்கா” என்பாள் ஞானபாய்.