விசாலம் மேடம் திறந்து பார்த்த மீன்

புதன்கிழமை காலை திருவனந்தபுரம் பழவங்காடியில் என் வளர்ப்புமீன் கடையில் மீன் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ரமணி சார் அழைத்தார். விசாலம் மேடத்தின் கணவர். "முருகேசன், விசாலம் போயிட்டா" என்றார். எங்கே போனார் என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. வேலைக்குப் புறப்பட்டவர், தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சரிந்து விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்து நான் பார்த்ததில்லை.

கடல்மீன் வளர்க்கும் நம் குழுவில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஒரு கிளினிக்கின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பகலில் மனிதர்களின் மலத்தில் பூச்சி முட்டை தேடுவார். சாயங்காலம் நம் மீன்களின் கழிச்சலில் தேடுவார். கரமனை அக்ரஹாரத்து வீட்டில் மீன்தொட்டிக்கு அனுமதி உண்டு, இறால் தீனிக்குக் கிடையாது. அதனால் தீனி என் கடை ஃபிரிட்ஜில் இருந்தது. அவருடைய பழைய மைக்ராஸ்கோப்பும் என் பின்னறைக்கு வந்து சேர்ந்தது.

மீன் வெள்ளையாக நூல்போலக் கழிந்தால் நாமெல்லாம் உடனே மருந்தைத் தேடி ஓடுவோம். அவர் விடமாட்டார். "பட்டினி கெடந்தாலும் அப்படித்தான் போகும். பாக்காம மருந்து குடுக்கப்படாது" என்பார். நன்றாகத் தின்றும் முதுகு மெலிந்துகொண்டே போகிற மீனைத்தான் முதலில் சந்தேகப்படுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கடையில் ஒரு ஏஞ்சல் மீன் அப்படித்தான் மெலிந்து செத்தது. செத்த மீனைத் தூக்கிப் போடவிருந்தேன். அவர் தடுத்து, வயிற்றைக் கீறிக் குடலை விரித்தார். மயிரிழைபோலச் சிவந்த புழுக்கள் நெளிந்தன. அந்தத் தொட்டியிலிருந்து பதினோரு பேருக்கு மீன் விற்றிருந்தேன். அதில் உங்களில் சிலரும் உண்டு. வியாபாரம் படுத்துவிடும், வெளியே சொல்லவேண்டாம் என்று கெஞ்சினேன்.

"கச்சவடம் போயிடும்னு பயப்படறேளா? அவா தொட்டியிலே மீன் போயிண்டிருக்கே. இப்பவே கூப்பிட்டுச் சொல்லுங்கோ."

பதினோரு பேரையும் அழைத்து முடிக்கும்வரை எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர் அதற்குப் பிறகு கடைக்கு வரவே இல்லை. மற்றவர்களின் மீன்களுக்கு, அரைத்த இறாலில் மருந்தை அளந்து கலந்து, ஜெலட்டினில் உறையவைத்து அவரே துண்டு போட்டுக் கொடுத்தார். மருந்து மீனின் வயிற்றுக்குள் போகவேண்டும், தொட்டித் தண்ணீருக்குள் அல்ல என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

அதை அவர் கற்றுக்கொண்ட விதத்தையும் மறைத்ததில்லை. ஒருமுறை அவசரப்பட்டுப் பூச்சிமருந்தைத் தன் வீட்டுத் தொட்டியிலேயே கரைத்துவிட்டார். தண்ணீர் கலங்கி, பிராணவாயு குறைந்து, விடிவதற்குள் மூன்று மீன்கள் செத்துப்போயின. அதில் ஒன்று ஆறு வருஷம் வளர்த்த மஞ்சள் டாங். காரணம் என்ன என்று யாரும் கேட்குமுன்பே நம் குழுவில் எழுதினார்: "என் கையாலேதான் போச்சு. நீங்க யாரும் இப்படிப் பண்ணாதேங்கோ."

சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கடைக்கு வந்தார். புதிதாக வந்த கோமாளி மீன் ஒன்று வயிறு ஒட்டிக் கிடந்தது. அதன் கழிச்சலைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு நிம்மதி. "ஒரு தடவை பாத்தது போறாது. நாளைக்கும் எடுத்து வைங்கோ, வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

எடுத்து வைத்தேன். அவர் வரவில்லை. தகனம் முடிந்த மறுநாள் புதிதாக இன்னொரு தகடு தயார்செய்து நானே குனிந்து பார்த்தேன். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு எதுவும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நீள்வட்டமாக, இரு முனையிலும் மூடியிட்டதுபோல ஒரு முட்டை. பக்கத்தில் இன்னொன்று. "மேடம், இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வெளியே நின்ற வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தார்.

அவருக்கு என்ன ஆயிற்று என்று ரமணி சாருக்கும் சரியாகத் தெரியவில்லை. எனக்கும் இன்னும் மனசுக்குள் ஏறவில்லை. கோமாளி மீன் தனித்தொட்டியில் மருந்துத் தீனி தின்கிறது. ஒருமுறை பார்த்து ஒன்றும் இல்லையென்றால் இன்னொருமுறை பார்ப்பது. இருந்தால் மறைக்காமல் சொல்வது. விசாலம் மேடத்திடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இவ்வளவுதான். கோமாளி மீன் முதலில் இருந்த தொட்டியிலிருந்து மீன் வாங்கிய இரண்டு பேரையும் நேற்றே அழைத்துச் சொல்லிவிட்டேன்.