மூன்றாவது பொத்தான்

சீனித்தாய்க்குக் கண் வேண்டியதில்லை, விரல் போதும். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்க உட்கார்ந்தால் வாய் ஊர்க்கதை பேசும். குச்சிகள் கட்டைப் பலகையின் பள்ளங்களில் தாமாகப் போய் விழும். பன்னிரண்டு வயதில் பிடித்த பழக்கம், இப்போது இருபத்துநாலு.

அந்தக் கையோடுதான் வேதியியல் பட்டமும் படித்தாள். எல்லாம் தேறி ஒரு தாள் மட்டும் நின்றுபோனது. பழைய பாடத்திட்டத்துக்கு 2001 ஏப்ரல்தான் கடைசித் தேர்வு. தேறினால் நூல் மில்லில் பாய்லர் தண்ணீர் சோதிக்கிற வேலை. தவறினால் ஆயுசுக்கும் கந்தக நெடி.

கணக்கை விரலுக்கே பழக்கிவிட்டாள். அமிலத்தின் செறிவை அடி, லாக் போடு, குறியை மாற்று, வருவதுதான் பிஹெச். ஏழுக்குக் கீழே வந்தால் அமிலம். லாக், மேல்வரிசையில் மூன்றாவது பொத்தான்.

தேர்வன்று காலை கால்குலேட்டர் உயிரை விட்டது. கூடப் படித்துத் தேறிய ராதாமணியிடம் ஓடினாள்.

“ஏட்டி, இது வேற கம்பெனி. குச்சி அடுக்குத மாதிரி அடிச்சிராத.”

“எல்லாக் களுதையும் ஒண்ணுதான், குடுட்டி.”

ஹைட்ரோகுளோரிக் அமிலம், செறிவு 0.002. கண் வினாத்தாளில் இருக்க, விரல் மூன்றாவது பொத்தானை அமுக்கியது. 6.2. ஏழுக்குக் கீழேதான். சந்தோஷமாக எழுதினாள். அடுத்த மூன்று கணக்குக்கும் அதே பொத்தான்.

சாயங்காலம் ராதாமணி விடை கேட்டாள்.

“ஆறு புள்ளி ரெண்டா? அது மழைத்தண்ணிக்கு வாரதுட்டி. இதுக்கு ரெண்டு புள்ளி ஏழு.”

சீனித்தாய் அப்போதுதான் கால்குலேட்டரைக் குனிந்து பார்த்தாள். மூன்றாவதாக இருந்தது எல்.என். என்கிற வேறு வகை லாக். இவளுக்கு வேண்டிய லாக் அதற்குப் பக்கத்தில், ஒரு விரல் தள்ளி. இவளுடையதில் அது மாறி இருக்கும்.

“சொன்னேம்லா...” என்று தொடங்கிய ராதாமணி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஜூனில் முடிவு வந்தது. தேற நாற்பது வேண்டும், முப்பத்துமூன்று. பாய்லர் வேலைக்குக் கடம்பூர்க்காரன் ஒருவன் போனான்.

மறுநாள் காலை சீனித்தாய் கட்டையை மடியில் வைத்தாள். வாய் பேசவில்லை. ஒவ்வொரு குச்சியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். மத்தியானத்துக்குள் பாதிகூட நிறையவில்லை.

“கண்ண மூடிட்டு அடுக்குவியே, இன்னிக்கு என்ன வந்துது?” என்றார் கணக்கப்பிள்ளை.

“பாத்து அடுக்குதேன், அண்ணாச்சி” என்றாள், நிமிராமல்.