தெரேஸ் அம்மா போட மறுத்த வருகை

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை, கோட்டுச்சேரிப் பள்ளியில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, கல்லூரிப் பியூன் ரத்தினம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். காரைக்காலிலிருந்து சைக்கிள் மிதித்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது. "தெரேஸ் அம்மா போயிட்டாங்க சார். காலையில காப்பி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சாங்க, அவ்வளவுதான்" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பெருமூச்சுதான் வந்தது. நான்கு மாதமாகப் படுக்க முடியாமல், மூச்சுக்குத் தவித்து, உட்கார்ந்தபடியே தூங்கியவர் அவர். சிரமம் இல்லாமல் போனாரே என்றுதான் தோன்றியது. கல்லூரியின் பழைய மாணவர்களாக அவரை அறிந்த உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த அவரை உங்களில் பலர் அந்தச் சின்ன ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் என்பதால் ஏழு என்ற எண்ணின் நடுவில் ஒரு கோடு இழுப்பார். ஒரு கையெழுத்து குறைந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரும். கோபக்காரர் என்று பெயர். எனக்கும் அவரிடம் பயம் உண்டு.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் அங்கே மாணவனாகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. பட்டாளத்தில் ஒரு சிறு படைப்பிரிவுக்குத் தலைவனாக, நாயக் பதவியில் இருந்து, முழங்காலில் அடிபட்டு, நெரவிக்குத் திரும்பியிருந்தேன். என்னைப் போன்ற முன்னாள் படைவீரர்கள் படிப்பதற்காகக் கல்லூரிக்கு மானியம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். ஆறு பேர் சேர்ந்தோம். எங்களுக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. புத்தகங்கள் கட்டுக் கட்டாக வந்தன. எல்லாம் ஆங்கிலம்.

ஒருநாள் ஆசிரியர் என்னை எழுந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். இரண்டாவது வரியில் ஒரு சொல் நாக்கில் ஏறவில்லை. மூன்று முறை முட்டினேன். பின்வரிசையில் யாரோ "தாத்தா, மெதுவா" என்றார்கள். வகுப்பே சிரித்தது. குண்டு விழும் இடத்தில் பத்துப் பேரை நடத்திப் போனவன், ஒரு சொல்லின் முன் நின்றுபோனேன். மறுநாள் கல்லூரிக்குப் போகவில்லை. அதன்பின் ஏழு வாரம் போகவில்லை.

அந்தச் சமயத்தில் பாண்டிச்சேரியிலிருந்து ஆய்வுக்கு ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. படைவீரர்கள் ஒழுங்காக வருகிறார்களா என்று பார்ப்பார். இல்லையென்றால் மானியம் நின்றுவிடும். நான் ஒருவன் நின்றதால் மற்ற ஐவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிறகு நடந்ததை ரத்தினம் எனக்குச் சொன்னார். முதல்வர் பதிவேட்டைத் தள்ளி, "வருகை போட்டுடுங்கம்மா, எல்லா இடத்துலயும் நடக்கறதுதான்" என்றாராம். தெரேஸ் அம்மா, "நான் போட்டா அவர் வந்ததா ஆயிடுமா சார்?" என்று கேட்டுவிட்டு, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாராம்.

அன்று எங்கள் வயலில் நடவு. நாற்றுக்கட்டைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தேன். வரப்பில் ஒரு கையில் குடை, ஒரு கையில் செருப்போடு அவர் வருவதைப் பார்த்ததும் எங்காவது ஒளியலாமா என்று தோன்றியது. வயலில் எங்கே ஒளிவது!

"எனக்கு அந்தப் படிப்பு வேண்டாம்மா, விட்டுடுங்க" என்றேன்.

"விட்டுடறேன் கலியபெருமாள். ஆனா ஏன் வேண்டாம்னு எங்கிட்ட சொல்லாதீங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஒருத்தர் வராரு. அவருகிட்ட வந்து சொல்லுங்க. நீங்க வந்ததா நான் எழுத மாட்டேன். ஏன் வரலைன்னு நீங்கதான் சொல்லணும்."

அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

மறுநாள் போனேன். முதல்வர் அறையில் எங்கள் ஆறு பேரையும் நிற்க வைத்தார்கள். அதிகாரி பதிவேட்டைப் புரட்டி, "இவர் ஏழு வாரமா வரலையே?" என்றார். முதல்வர் தெரேஸ் அம்மாவைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் விறைப்பாக நின்றேன்.

"புத்தகம் குடுத்தாங்க சார். அதைப் படிக்க யாரும் சொல்லித் தரலை. சின்னப் புள்ளைங்க முன்னாடி படிச்சுக் காட்டச் சொன்னாங்க. முடியலை. வெக்கமா இருந்துச்சு, நின்னுட்டேன்."

அதிகாரி மற்றவர்களைப் பார்த்தார். கப்பற்படையிலிருந்து வந்த அந்தோணிசாமி ஒருநாள்கூடத் தவறாதவர். "நான் தினம் வரேன் சார். ஆனா எனக்கும் ஒண்ணும் புரியலை" என்றார். அடக்க முடியாமல் அதிகாரியே சிரித்துவிட்டார்.

தெரேஸ் அம்மா சிரிக்கவில்லை. ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். புத்தகத்துக்கு வரும் மானியத்தில் ஒரு பகுதியை எடுத்து, எங்களுக்கு மட்டும் மாலையில் ஆங்கில வகுப்பு நடத்த அனுமதி கேட்டு எழுதியிருந்தார். அதிகாரி இரண்டு முறை படித்தார். "இதை முன்னாடியே அனுப்பியிருக்கலாமே" என்றபடி பேனாவைத் திறந்தார்.

வெளியே வந்த தெரேஸ் அம்மா தாழ்வாரப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். "பயந்துட்டீங்களாம்மா?" என்றேன்.

"பயப்படாம? பொய் எழுதியிருந்தா பயமே இருந்திருக்காது. அது எல்லாருக்கும் பழகிடுச்சு."

மாலை வகுப்பு முடியும்வரை அலுவலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது அவருடைய வேலையே அல்ல. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "எங்கப்பா சொல்தா" என்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். "இருபது வருஷம் துப்பாக்கி பிடிச்சவரு. பென்ஷன் காயிதம் வந்தா அதைப் படிச்சுச் சொல்லச் சொல்லி ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நிப்பாரு. நான் படிக்கக் கத்துக்கிட்டப்புறம்தான் நிக்கறதை விட்டாரு."

ஆறு பேரில் ஒருவர் வேலை கிடைத்து நடுவில் போய்விட்டார். மற்ற ஐவரும் தேறினோம். நான் இரண்டாம் முயற்சியில்தான். முடிவு தெரிந்து ஓடிப்போய்ச் சொன்னபோது, "சான்றிதழ் வாங்க விண்ணப்பம் எழுதணும். கையெழுத்தை மறந்துடாதீங்க" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

கடைசியாகப் போன மாதம் பார்த்தேன். பிரான்சிலிருக்கும் தம்பி தன்னிடம் வந்துவிடச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தாராம். "அங்க போயி யாரோட விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பப் போறேன்?" என்றார். சிரிக்கும்போது மூச்சு வாங்கியது. நன்றி சொல்ல வேண்டும் என்று எத்தனையோ வருடமாக நினைத்திருந்தேன். அன்று சொல்லிவிட்டேன். "அன்னிக்கு வந்து சொன்னது நீங்க. நான் சும்மா பஸ்ஸுல வந்துட்டுப் போனேன், அவ்வளவுதான்" என்றார். சொல்லாமல் விட்டிருந்தால் இப்போது எவ்வளவு கனமாக இருந்திருக்கும்!

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: வராதவர் பெயரை அடிப்பதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்ப்பது. அடக்கம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை எட்டாம் வகுப்பில் வருகை எடுத்தேன். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வரும் செல்வி எட்டு நாளாக இல்லை. மாலையில் போனேன். வீட்டெதிரே மணலில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கணக்குப் புரியவில்லை, கணக்கு வாத்தியாரிடம் கேட்கப் பயம் என்றாள்.

"அதையே வந்து அவருகிட்ட சொல்லும்மா. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றேன்.

புதன்கிழமை வந்தாள்.