கயிறு பிடிப்பவனின் எண்கள்

கடைப் பலகையை எடுப்பதற்கு முன்பே தேக்கிலைப் பொட்டலம் ஒன்று அதன்மேல் இருக்கும். பிரித்தால் ஒரு துண்டுத் தேனடை. என் மாமியாருக்கு இருமல் என்று பேச்சோடு பேச்சாக ஒருநாள் சொல்லியிருந்தேன். அந்த மாதம் முழுக்க வைத்துவிட்டுப் போனவர் மாடக்கண்ணு. கேட்டால், "காக்கா போட்டிருக்கும் ஆச்சி" என்பார்.

குற்றாலநாதர் சன்னிதியில் எனக்குத் தேங்காய் பழக் கடை. அபிஷேகத்துக்கு மலைத்தேன் அவரிடம்தான் வாங்குவேன். குட்டையான ஆள், ஐம்பத்தைந்து வயதிருக்கும். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துக் காய்ப்பேறியவை. கடை வாசலில் நின்றால்கூடப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். "சமதரையில நின்னாத்தான் எனக்குத் தலை சுத்துது" என்பார்.

பாறை விளிம்பிலிருந்து கொடிக்கயிற்றில் தொங்கித் தேன் எடுப்பார். மேலே கயிறு பிடிப்பவர் மனைவியின் தம்பி பிச்சைமணி. மச்சினன்தான் பிடிக்க வேண்டும், அக்காளை நினைத்துக் கைவிட மாட்டான் என்பது அவர்கள் வழக்கம். அடையை அறுக்க அறுக்கத் தங்கள் பழைய மலைப்பேச்சில் எண்ணுவார்கள். பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ்தான், அந்தப் பேச்சு இவர்கள் இருவரோடு நின்றுவிட்டது. கீழே இருப்பவர் ஒன்று என்பார், மேலே இருப்பவர் இரண்டு என்பார். மூன்று கீழே, நான்கு மேலே. பதில் வந்தால் கயிற்றில் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். ஒருவர் எண்ணை மற்றவர் சொல்லக்கூடாது. கயிறு பிடித்தவன் செத்துப்போனால், புதைக்கிற இடத்தில், ஒரே ஒருமுறை மட்டும் மற்றவர் இருவர் எண்ணையும் சேர்த்து முழுதும் சொல்லலாம்.

எழுபத்தொன்பது ஆனிச் சாரலில் டேப் ரிக்கார்டரோடு வெளியூர் ஐயா ஒருவர் வந்தார். அழிகிற பேச்சைப் பிடித்துவைக்கிறாராம். ஒன்று முதல் பத்து வரை கேட்டார். மாடக்கண்ணு ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது சொல்லிவிட்டு, மீதி மச்சினனுடையது என்றார். பிச்சைமணியோ தென்காசி ஆஸ்பத்திரியில் டி.பி.யோடு கிடந்தார், பேச மூச்சில்லை. மூன்று நாள் நனைந்துகொண்டே வந்தார் அந்த ஐயா. பார்க்கப் பொறுக்காமல் நான்தான் மாடக்கண்ணுவிடம், "பெட்டிக்குள்ளதான சொல்லுதீய அண்ணாச்சி, சாமி ஒண்ணும் நினைக்காது" என்றேன்.

மாடக்கண்ணு என்னைப் பார்த்தார். நான் கேட்டு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை அவருக்கு. பந்தல்காலை விட்டுவிட்டு, கீழே உட்கார்ந்து, பத்தும் சொன்னார்.

எட்டாம் நாள் பிச்சைமணி இறந்துபோனார். நோய்தான் கொண்டுபோனது, அது மாடக்கண்ணுவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் புதைத்த இடத்தில் மாடக்கண்ணு வாய் திறக்காமல் நின்றாராம். சொல்ல வேண்டிய அந்த ஒருமுறையை என் கடை வாசலிலேயே சொல்லித் தீர்த்திருந்தார். அதற்குப் பிறகு அவர் கயிற்றைத் தொடவில்லை. என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதுமில்லை. சுவாமிக்கு நாற்பத்தெட்டு நாள் நெய்விளக்குப் போட்டேன். மனசு ஆறவில்லை.

எண்பத்திரண்டு தையில், வடகரையில் தென்னந்தோப்புக் காவலுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்தார். வெற்றிலை பாக்குக் கொடுத்தேன். வாங்கி மடியில் முடிந்துகொண்டு படி இறங்கியவர், திரும்பி நின்று, அந்த ஐயா மறுபடி வருவாரா என்று கேட்டார். தெரியவில்லையே என்றேன்.

"வந்தாச் சொல்லிருங்க ஆச்சி. மச்சினன் சொல்லையெல்லாம் அந்தப் பெட்டியிலயிருந்து அழிச்சிரட்டும். அந்த எடம் சும்மா கிடக்கட்டும். நான் ஒண்ணு சொல்லிட்டு, அவன் ரெண்டுக்குக் காத்துக் கிடக்கேன்."