ராகு காலத்தில் மாட்டாத பேட்டரி

ஒன்றும் தெரியாதவனைப் பொறுத்துக்கொள்ளலாம். அரைகுறையாகத் தெரிந்தவன் கையில் ஸ்பேனர் கிடைத்தால் வீடு தாங்காது. என் அக்கா புருஷன் இரண்டாவது ரகம்.

எண்பதுகளின் பின்பாதி. ரப்பர் எஸ்டேட்டை மூடிய பிறகு நானும் அம்மாவும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அக்கா வீட்டில் ஒண்டியிருந்தோம். அத்தான் ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கியிருந்தார். இதில் கார்புரேட்டர் கிடையாது, எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர்தான் பெட்ரோல் விடுகிறது என்று தெருவுக்கே தண்டோரா போட்டார். இரண்டாம் மாதமே டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி முக்கி முனகியது. பட்டறைச் சீனர் பார்த்துவிட்டு, சென்சர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். "அவனுக்கு என்ன தெரியும்" என்றார் இவர். டயர் மாற்றவே ஆள் கூப்பிடுகிறவர்.

எனக்கு ஒரு மணி நேர பஸ் தூரத்திலிருக்கும் ஈப்போவில் டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. காலை பத்து மணிக்கு. கிடைத்தால் நானும் அம்மாவும் அவர் போடுகிற சோற்றிலிருந்து கழன்றுகொள்ளலாம். பஸ்ஸில் போகிறேன் என்றேன்.

"வீட்டுல கார் இருக்கும்போது பஸ்ஸா? என் மானம் என்னாவுறது? நான் கொண்டு விடுறேன்லா."

அன்று எட்டு மணிக்குச் சேலை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், அவர் பானட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். லாரி ஓட்டும் கூட்டாளி ஒருவர் சாப்பாட்டுக் கடையில் சொல்லிக்கொடுத்த வைத்தியமாம்.

"அரை மணி நேரம் சும்மா கெடக்கணும். கம்ப்யூட்டர் பழசெல்லாம் மறந்துடும். அப்புறம் புதுப் பொறவிலா."

அரை மணி நேரம் ஆனது. ஒயரை மாட்டக் குனிந்தவர் நிமிர்ந்தார். உள்ளே போய், இந்த ஊர் சூரிய உதயத்துக்குக் கணித்த கோயில் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"எட்டரைக்கு ராகு காலம் தொடங்கிருச்சு. கெட்ட நேரத்துல உயிர் குடுத்தா ஆயுசுக்கும் அப்படியேதான் ஓடும். பத்து மணிக்கு மாட்டுவோம்."

தகர டப்பாவுக்கு ஜாதகம் கணித்த மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

"பத்து மணிக்கு நான் அங்க இருக்கணும் அத்தான்."

"ராகு காலத்துல வாசல் தாண்டிப் போனா வேலை குடுத்துருவாங்களா?"

அம்மாவும் தலையாட்டினாள். மாப்பிள்ளை சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. எனக்கு அவர்மேல் வந்த அருவருப்பைவிட என்மேல் வந்தது அதிகம். இருபது வயதுக்காரி, பஸ் போகிற ரோடு கண்ணுக்குத் தெரிய, ஒரு முட்டாளின் அனுமதிக்காகக் காத்து நிற்கிறேன்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். கல்யாணமான ஆறு வருடத்தில் அவரை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள். என் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போட்டாள்.

"போ. பஸ் வர்ற நேரம்." அவர் காதில் விழும்படியே சொன்னாள்.

வேலை கிடைத்தது. நல்ல நேரத்தில் உயிர் பெற்ற வண்டியோ, கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் மறுபடி மஞ்சள் விளக்கை ஏற்றிக்கொண்டு நின்றுபோனதாம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். ராகு காலத்தில் ஒருத்தி வாசல் தாண்டினால் வண்டி எப்படி ஓடும் என்று பழியை என்மேல் போட்டார். அக்காவிடம் இரண்டு மாதம் பேசவில்லை. அவள் போட்ட சோற்றைத் தள்ளிவிட்டுக் கடையில் சாப்பிட்டார்.

அம்மாவோடு ஈப்போவுக்குக் குடிபோன அன்று, "நீயும் வந்துடுக்கா" என்றேன். அவள் என் பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தாள். "நீ போனல்ல, அது போதும். இங்க வரும்போது அவர ஒண்ணும் சொல்லிராத. நீ போன பிறகு கோபத்த என்கிட்டதான் காட்டுவாரு."

ஒவ்வொரு தீபாவளிக்கும் அக்கா வீட்டுக்குப் போனால், வந்தவர்களைக் கூட்டிவைத்து அத்தான் அந்தக் கார் கதையைச் சொல்வார். கடைசியில் நான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று என் பக்கம் திரும்புவார். பலகாரத் தட்டோடு நிற்கும் அக்கா என்னையே பார்ப்பாள்.

"ஆமா அத்தான், என் தப்புதான்" என்பேன்.