சாரல் நாளில் வகுப்புக்குப் போனவள்

சில வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதக் கடைசியில், தென்காசியில் நடந்தது இது. அப்போது நான் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. முதலாம் ஆண்டை வேலூரில் முடித்திருந்தேன். வங்கியில் வேலை பார்க்கும் அம்மாவுக்குத் தென்காசிக்கு மாற்றல் வந்தது. அப்பாவால் வேலூர் வேலையை விட முடியாது. அம்மா தனியாகக் கிடந்து அல்லாட வேண்டாம் என்று நானும் மூட்டையைக் கட்டிவிட்டேன். நடுவில் கல்லூரி மாறினால் படிப்பு குட்டிச்சுவராகிவிடும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் பயமுறுத்தினார்கள். எனக்குப் பயமெல்லாம் இல்லை. மார்க் நன்றாகவே வாங்கியிருந்தேன், வாயும் கொஞ்சம் நீளம். எந்த ஊரில் கொண்டுபோய் விட்டாலும் பிழைத்துக்கொள்வேன் என்ற திமிர் எனக்கு உண்டு. இப்போதும் குறையவில்லை.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. பல்கலைக்கழகம் மாறிவிட்டதால், இங்கே முதலாம் ஆண்டில் நடத்தி முடித்த இரண்டு பேப்பரை நான் படிக்கவே இல்லை. ஒன்று தியரி. இன்னொன்று சால்ட் அனாலிசிஸ் பிராக்டிகல். ஒரு பொடியைக் கையில் கொடுத்து, சோதனை செய்து அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு அந்த இரண்டையும் சேர்த்துப் பாஸ் பண்ண வேண்டும். புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாக முட்டி மோதுகிற காரியமில்லை. யாராவது பழைய நோட்ஸ் கொடுத்து, லேபில் கூட நின்று சொல்லித்தந்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் என் ஒரு வருடம் காலி.

எச்.ஓ.டி. அதற்கும் வழி செய்தார். வகுப்பின் ரெப் பெண்ணைக் கூப்பிட்டு, என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒப்படைத்தார். ரெப்புக்கு ஊர் பக்கத்திலிருக்கும் பண்பொழி. சும்மா சொல்லக் கூடாது, பொறுப்பை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்த பஸ்ஸில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், எந்த சார் லேட்டாகப் போனால் உள்ளே விடமாட்டார், எந்த மேடம் முறைத்தாலும் மார்க்கைப் போட்டுவிடுவார், கேன்டீனில் எதைத் தொடவே கூடாது என்று ஒன்று விடாமல் சொன்னாள். "என்ன வேணும்னாலும் என்ட்ட கேளு, வெக்கப்படாத" என்றாள். நானா வெட்கப்படுகிற ஆள்?

கல்லூரி திறந்து கொஞ்ச நாளில் ஒரு காலை. எழுந்து ஜன்னலைத் திறந்தால் எதிரே இருந்த மலையையே காணோம். முழுக்க மேகம். வெயிலும் அடிக்கிறது, காற்றோடு பூந்தூறலும் முகத்தில் விழுகிறது. ஜூன் மாதத்தில் அனல் காற்றை மட்டுமே பார்த்து வளர்ந்த வேலூர்க்காரிக்கு எப்படி இருக்கும்? குஷியாகக் கிளம்பிப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஆளே இல்லை. எதிர்த் திசையில் குற்றாலம் போகிற பஸ் ஒன்று நிரம்பி வழிந்துகொண்டு கடந்தது. அதில் எங்கள் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் தொங்கிக்கொண்டு எனக்குக் கை காட்டினார்கள். யார் வீட்டிலோ கல்யாணம் போல என்று நானும் கை காட்டினேன்.

வகுப்பில் ஒருத்தர் இல்லை. மணி அடித்தது. அப்போதும் இல்லை. எச்.ஓ.டி. வராந்தாவில் நடந்துபோனவர், என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஏம்மா, நீ எந்த ஊரு?"

"வேலூர் சார்."

"அதானே பாத்தேன்" என்றார்.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. உள்ளே வந்தார், ரெஜிஸ்டரைத் திறந்தார், முதல் பெயரிலிருந்து நிறுத்தி நிதானமாக வாசிக்க ஆரம்பித்தார். காலி பெஞ்சுகளைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அப்புறம் ஆப்சென்ட் போட்டார். என் பெயர் வந்தது. "பிரசென்ட் சார்" என்றேன். என் குரல் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. பிறகு ஒரு பாடத்தை முழுசாக நடத்தி முடித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் நான் உள்ளே நுழைந்ததும் என் பக்கத்தில் உட்காருகிறவள் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள். பாவூர்சத்திரத்துக்காரி ஒருத்திதான் நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏட்டி, ஒனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? மொத சாரல் அடிக்குது, எவளாவது காலேஜுக்கு வருவாளா?"

"சாரல் அடிச்சா லீவுன்னு யார் சொன்னாங்க?" என்றேன் நான்.

"இத வேற ஒருத்தர் சொல்லணுமாக்கும்!"

அப்புறம்தான் ரெப் எனக்கு விளக்கினாள். குற்றாலத்தில் அருவி கொட்டும் சீசனின் முதல் சாரல் அன்று யாரும் வகுப்புக்கு வருவதில்லை. எல்லாரும் அருவிக்குப் போய்விடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்வதில்லை, வாட்ஸ்அப் குரூப்பில்கூட ஒரு வார்த்தை வராது. மலையைப் பார்த்தால் தெரியாதா? ஒருத்தருமே வராவிட்டால் ஆசிரியர்களும் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். ஆனால் ஒரே ஒருத்தர் வந்து உட்கார்ந்துவிட்டால் வகுப்பு நடந்ததாகக் கணக்கு, மற்ற எல்லாருக்கும் ஆப்சென்ட். அப்படி ஒருத்தி அதுவரை அந்த வகுப்பில் பிறந்து வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பையன்களும் பெண்களுமாக அருவிக்குப் போனதை எச்.ஓ.டி. பெரிய விஷயமாக்கினார். திங்கட்கிழமை எல்லாரும் பெற்றோரோடு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதிகம் மாட்டிக்கொண்டது அந்தப் பாவூர்சத்திரத்துக்காரி. அவள் அப்பாவுக்கு மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம். காலேஜ் விட்டால் வீடு என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சேர்த்திருந்தார். படித்துக் கிழித்தது போதும், வீட்டில் இரு என்று குதித்துக்கொண்டிருந்தாராம். என் மேல் அவளுக்குக் கோபம் ஆறாததில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தெரியாமல் செய்ததற்கு எதற்கு மன்னிப்பு? முறுக்கிக்கொண்டு திரிந்தேன். லேபில் என் கூட நின்றவன் வேறு ஜோடிக்கு மாறிக்கொண்டான். கொடுப்பதாகச் சொன்ன பழைய நோட்ஸ் எதுவும் வரவில்லை. ஒரு வெள்ளைப் பொடியை வைத்துக்கொண்டு நான் மட்டும் ஒரு மூலையில் நின்றேன். எதை ஊற்றினாலும் அது கலங்கியது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ரெப் மட்டும் என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். வகுப்பில் எழுந்து எனக்காகப் பேசிப் பார்த்தாள். "ஒனக்கென்ன, ஒங்க வீட்டுல வையமாட்டாவ" என்று அவளையும் சேர்த்து ஒதுக்கினார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லி அழுதுவிட்டேன். அம்மா என்னைத் திட்டவில்லை. "பழைய காலேஜுலயே கேட்டுப் பாக்கலாம். இந்த வருஷம் போனாலும் போகுது, அப்பாகிட்டயே போயிடுறியா?" என்றார். மனசுக்குள் பாதி வேலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பு முழுக்கப் பெற்றோர். பாவூர்சத்திரத்துக்காரியின் அப்பா மார்க்கெட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். தோளில் துண்டு, முகத்தில் கடுகு போட்டால் பொரியும். சவுதியில் வேலை பார்க்கும் ஒரு அப்பா, மகன் பிடித்திருந்த செல்போனில் வீடியோ காலில் வந்திருந்தார். எச்.ஓ.டி. போனைப் பார்த்தும் திட்டினார். அவரும் அங்கேயிருந்து "ஆமா சார், ஆமா சார்" என்று தலையாட்டினார். எனக்கு அங்கே வேலையே இல்லை, ஆனாலும் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

திட்டி முடித்த எச்.ஓ.டி. என் பக்கம் கையை நீட்டினார்.

"இந்தப் பிள்ளையப் பாருங்க. எங்கயோ வேலூர்ல இருந்து வந்திருக்கு. படிப்பு மேல எம்புட்டு அக்கறை இருந்தா, அன்னைக்கு ஒத்தையா வந்து உக்காந்திருக்கும்! ஒங்க பிள்ளைகளும் இதப் பாத்துக் கத்துக்கிடட்டும்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அவர் பாராட்டப் பாராட்ட எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதில் ஒரு வார்த்தையாவது உண்மையா? இதைக் கேட்டுக்கொண்டு கம்மென்று இருந்தால் நான் உண்மையிலேயே வகுப்பு நினைக்கிற மாதிரி, நல்ல பெயருக்காக மற்றவர்களை மாட்டிவிட்டவளாகிவிடுவேன். யோசிக்கவெல்லாம் இல்லை, எழுந்துவிட்டேன்.

"சார், நான் அக்கறையில வரல. தெரியாமதான் வந்தேன். சாரலுக்குப் போவாங்கன்னு ஒருத்தராவது சொல்லியிருந்தா, நானும் அருவிக்குத்தான் போயிருப்பேன். நானும் இந்த கிளாஸ்தானே? எனக்கும் ஆப்சென்ட் போட்டுடுங்க."

எச்.ஓ.டி. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தது, யாரும் எதிர்பார்க்காத விதமாக, அந்த மார்க்கெட் அப்பாதான். அடக்கப் பார்த்து முடியாமல், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"நல்ல பிள்ளையப் பிடிச்சு உதாரணம் காட்டினிய சார்! நான் பள்ளிக்கூடம் படிக்கைல மொத சாரலுக்கு உள்ள இருந்ததே கிடையாது. ஆமா, நீங்க எந்தூரு சார்?"

"பக்கத்துலதான், செங்கோட்டை" என்றார் எச்.ஓ.டி.

"அப்ப நீங்க மட்டும் உள்ளயா இருந்திய?"

வகுப்பே வெடித்துச் சிரித்தது. எச்.ஓ.டி. முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். அவர் தோளும் குலுங்கியது. போனுக்குள்ளிருந்து சவுதி அப்பா, "என்னலே ஆச்சு? எதுக்குச் சிரிக்கிய?" என்று மகனைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியே போகும்போது மார்க்கெட் அப்பா மகளிடம், "அடுத்த தடவ சொல்லிட்டுப் போ. சொல்லாமப் போனாத்தான் எனக்குக் கோவம்" என்றார். அவள் படிப்பு அங்கேயே பிழைத்துவிட்டது.

தண்டனை முழுசாகப் போய்விடவில்லை. போட்ட ஆப்சென்ட்டை எடுக்க முடியாது என்று எச்.ஓ.டி. சொல்லிவிட்டார். எனக்கு ஆப்சென்ட் போடவும் மறுத்துவிட்டார். விட்ட பாடத்தைச் சனிக்கிழமை நடத்துவதாகவும், நான் வர வேண்டியதில்லை என்றும் சொன்னார். நான் போனேன். கேட்ட பாடத்தையே இன்னொரு முறை கேட்டேன். என்னை நடு பெஞ்சில் இடித்துத் தள்ளி உட்காரவைத்தார்கள். வகுப்பு முடிந்ததும், "இன்னைக்கு நீ தப்பிக்க முடியாது" என்று பாவூர்சத்திரத்துக்காரி கையைப் பிடித்து ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவரவர் வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனோம். பெண்கள் பக்கம் அவ்வளவு கூட்டம். தண்ணீர் முதுகில் விழுந்த வேகத்தில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது, அலறிக்கொண்டு வெளியே ஓடினேன். ரெப்பும் அவளும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து மறுபடி உள்ளே தள்ளினார்கள். வாழ்க்கையில் அப்படி ஒரு அடியை அவ்வளவு சந்தோஷமாக நான் வாங்கியதில்லை.

அடுத்த திங்கட்கிழமை பழைய நோட்ஸ் எல்லாம் வந்து சேர்ந்தன. லேபில் என் பக்கத்தில் வந்து நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? என்னைத் திட்டிய அதே பாவூர்சத்திரத்துக்காரிதான். "அவசரப்பட்டு ஊத்தாதட்டி, சொட்டுச் சொட்டா விடு" என்று திட்டித் திட்டியே சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேப்பரையும் பாஸ் பண்ணினேன். பிராக்டிகலில் அவளைவிட எனக்கு மார்க் அதிகம். அதற்கும் திட்டினாள்.

இப்போது நான் வேறொரு ஊரில் கல்லூரி ஆசிரியை. புதிதாகச் சேர்கிறவர்களையும் நடுவில் மாறி வருகிறவர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்படி ஒருவர் வந்ததும், உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட உட்காரவைத்து, இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லாத விஷயம் என்னென்ன என்று கேட்பேன். முதலில் முழிப்பார்கள். அப்புறம் ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. வந்தவருக்குப் பாதி பயம் அங்கேயே தெளிந்துவிடும்.

நன்றாகப் படித்ததற்காக அதன் பிறகு எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்தத் திங்கட்கிழமைப் பாராட்டை மட்டும் வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தால், தங்கமான பெண் என்ற பெயரோடு தனியாக வேலூருக்கு பஸ் ஏறியிருப்பேன்.