முப்பத்திரண்டு என்று காட்டிய திரை

அன்று காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில்தான் எங்கள் அலுவலகம். உட்காருவேன், எழுந்திருப்பேன், கீழே போய் டீ வாங்கிப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவேன்.

ஒரு புதிய சிப்புக்கான கம்பைலரில் வேலை. நாம் எழுதும் நிரலை அந்தச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக அது மாற்றித் தரும். பல மாதம் மற்றவர்களின் பிழைகளையே துடைத்துக்கொண்டிருந்த நான், முதல்முறையாகச் சொந்தமாக ஒன்று செய்திருந்தேன். நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுப்பதற்கு ஒரு கட்டளை, அடுத்த இடத்துக்கு நகர்வதற்கு இன்னொன்று என்றிருந்ததை ஒரே கட்டளையாக்கினேன். நிரல்கள் வேகமாக ஓடின. ஆனால் படங்களைச் சுருக்கும் நிரல் மட்டும், அந்தச் சிப்பைப் பொருத்திய சோதனை போர்டில் குப்பையாகக் கக்கியது.

"சாயங்காலம் வரைக்கும்தான் டைம்ப்பா. காரணம் தெரியலன்னா உன் சேஞ்ச எடுத்துட்டுத்தான் ரிலீஸ் பண்ணுவேன். அப்புறம் மூஞ்சத் தூக்கி வெச்சுக்காத" என்றார் எங்கள் டீம் லீட். ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவர். ஃபோனில் கன்னடம், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ்.

டிஸ்அசெம்ப்ளரில் பார்த்தேன். கம்பைலர் உமிழ்ந்த ஒன்றுகளையும் பூஜ்யங்களையும் நாம் படிக்கிற மாதிரி திரும்ப எழுதிக் காட்டும் கருவி அது. 'முப்பத்திரண்டு இடம் நகர்' என்றது. நான் சொன்னதும் அதுதான். திரும்பத் திரும்பப் பார்த்தேன், அதே முப்பத்திரண்டு. மண்டை காய்ந்தது. சிப் செய்தவர்களை மனதாரத் திட்டினேன்.

மதியம் சாப்பிடப் பிடிக்காமல் போர்டில் அந்த ஒரு கட்டளையை மட்டும் ஓடவிட்டேன். சிப் அறுபத்து நான்கு நகர்ந்தது.

அப்போதுதான் சிப்பின் கையேட்டைத் திறந்து, திரையை நம்பாமல், அந்த ஒன்று, பூஜ்யங்களை ஒவ்வொரு பிட்டாக விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டு பிட்டுகள் இடம் மாறியிருந்தன. கட்டளைகளை எழுதுவதற்கும் படிப்பதற்கும் எங்களிடம் ஒரே அட்டவணைதான். அதில் தப்பு இருந்ததால் தப்பாக எழுதி, அதே தப்போடு படித்து, எல்லாம் சரி என்று எங்களுக்குப் பச்சை விளக்குக் காட்டியிருக்கிறது. சிறிய எண்களில் அந்த இரண்டு பிட்டும் ஒரே மாதிரி இருப்பதால் யாருக்கும் தெரியவில்லை. என் மாற்றம்தான் முதலில் பெரிய எண்ணைக் கொண்டுவந்தது.

அட்டவணையைத் திருத்தி ஓட்டினோம். படம் பளிச்சென்று வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"போதுமா? உன் சேஞ்ச் உள்ள இருக்கு. ரிலீஸ் பட்டன அமுக்கட்டா?" என்றார் லீட்.

அங்கே நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் அது வராதே.

"மத்த கட்டளைங்களையும் இதே அட்டவணைய வெச்சுத்தான செக் பண்ணோம்? போர்டுல ஒண்ணொண்ணா யாராவது பாத்தாங்களா?"

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். அப்புறம், "யாரும் பாக்கல" என்றார். ஃபோனை எடுத்து, ரிலீஸை நிறுத்துவதாகக் கன்னடத்தில் மேலிடத்துக்குச் சொன்னார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா இன்னிக்கே போயிருக்கும். தெரியும்ல?"

தெரியும்.

ஈஜிபுராவில் இருக்கும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது மனைவி கூப்பிட்டாள். என்னோடு சேர்ந்து அவளும் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு, அந்த சேஞ்ச எடுத்துட்டாங்களா?"

"இல்ல. என்மேல தப்பில்லன்னு காட்டிட்டேன்."

"அப்போ இன்னிக்கே ரிலீஸ் ஆயிடுச்சா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். கூட்டத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று பொய் சொல்லி ஃபோனை வைத்தேன்.